ஒன்பது தும்மல்

என் அத்தான் எனக்கு ஃபோன் செய்தார் என்றால் அதற்கு இரண்டே காரணங்கள்தான் இருக்க முடியும். யாராவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், இல்லை அவர் தப்பான நம்பரை அழுத்தியிருக்க வேண்டும். அக்காவைக் கட்டிக்கொண்ட இருபத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதினால் மீதி இடத்தில் கடை விளம்பரம் போடலாம். அதனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவர் பெயர் திரையில் வந்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன்.

"காரை விக்கறேன்," என்றார்.

யாராவது போய்ச் சேர்ந்திருந்தால்கூட நான் அப்படிப் பதறியிருக்க மாட்டேன்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரும்பச்சை நிறம், இரண்டே கதவு, இரண்டே இருக்கை, தரையோடு தரையாக ஊரும் ஸ்போர்ட்ஸ் கார். ஏறுவது என்று சொல்ல முடியாது, இறங்கித்தான் உட்கார வேண்டும். அத்தான் அதைப் பழையதாகத்தான் வாங்கினார், பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால். குழந்தை இல்லாத வீட்டில் அது குழந்தையாக வளர்ந்தது என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஏனென்றால் குழந்தையை யாரும் அப்படி வளர்க்க மாட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுப்பார்கள். இவர் காய்ச்சல் வருவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே கொடுத்துவிடுவார்.

அவர் வேலை அப்படி. லிஃப்ட் இன்ஸ்பெக்டர். பெரிய கட்டடங்களில் லிஃப்டின் மேலே ஏறி, கீழே இறங்கி, கம்பியைத் தட்டி, ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவார், இல்லையென்றால் பூட்டிவிட்டுப் போய்விடுவார். ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதென்று பதினாலு மாடி ஆட்களைப் படியில் ஏறவிட்ட மகானுபாவர். கையில் எப்போதும் ஒரு பட்டியல். அதில் இருப்பது எல்லாம் உலகத்தில் இருக்கிறது, அதில் இல்லாதது உலகத்தில் இல்லை. காருக்கும் ஒரு பட்டியல் போட்டிருந்தார். காரோடு வந்த கையேட்டைப் பார்த்து அவரே எழுதியது. நாற்பத்திரண்டு வரி. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக், கடைசிக் கட்டத்தில் குறிப்பு. பிரேக், நன்று. டயர், நன்று. பேட்டரி, நன்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, காலைக் குளிருக்கு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, பாலம் தாண்டி ஏரி வரைக்கும் போய்த் திரும்புவார். போக வர நாற்பது நிமிஷம். அவருக்கு வாரத்தில் மீதி நேரமெல்லாம் அந்த நாற்பது நிமிஷத்துக்குக் காத்திருப்பதுதான். அந்த மனுஷன் காரை விற்கிறேன் என்கிறார்.

காரணம் அக்காவின் தும்மல். அக்காவுக்கு அந்தக் காரில் ஏறினால் தும்மல் வரும், அது எங்கள் குடும்பத்துக்கே தெரியும். பாலத்தைத் தாண்டினாரென்றால் ஆரம்பித்துவிடும். அத்தான் அவளை மூன்று டாக்டரிடம் கூட்டிப்போனார். ரத்தம் எடுத்தார்கள், மூக்கில் விளக்கடித்துப் பார்த்தார்கள், முதுகில் முப்பது இடத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. போன வாரம் மூன்றாவது டாக்டர், எங்கே போனால் தும்மல் வருகிறதோ அங்கே போகாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டாராம். அதற்குத்தான் பீஸ் வாங்கினார் போலிருக்கிறது.

அத்தான் மூன்று நாள் யோசித்திருக்கிறார். நாலாவது நாள், அவர் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்த பல் டாக்டரிடம், வாய் நிறையப் பஞ்சோடு, காரை விற்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பல் டாக்டர் மூன்று வருஷமாகக் காரின் மேல் கண் வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வந்து எடுத்துப்போகிறேன் என்று சொல்லியாயிற்று. அதற்குள் நான் ஒருமுறை சுத்தம் செய்து, பார்த்துக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் ஃபோன்.

"உங்க அக்காகிட்ட சொல்லாத. அவளுக்காகத்தான்னு தெரிஞ்சா ஒத்துக்க மாட்டா," என்றார். அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

நான் கார் மெக்கானிக். இரண்டு வண்டி நிற்கிற ஷெட் ஒன்று வைத்திருக்கிறேன், தனி ஆள். வாசலில் வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மெக்கானிக் இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு, இல்லை, அடுத்த வாரம் வாங்க என்று சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதை மறைக்கிற கலை தெரியாது. அன்றைக்கு வந்த கோபமெல்லாம் அக்கா மேல். பத்தொன்பது வருஷம் தும்மியவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் தும்மினால் என்ன கொள்ளை போகிறது என்று கரித்துக் கொட்டிக்கொண்டே வேலையைப் பார்த்தேன்.

புதன்கிழமை காரைக் கொண்டுவந்து விட்டார். சாவியைக் கொடுத்தார், பட்டியல் வைத்திருந்த ஃபைலைக் கொடுத்தார், ஸ்டியரிங்கை ஒருமுறை தொட்டுவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார். நான் உள்ளே உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றி ஹீட்டரைப் போட்டேன். ஃபேன் கத்தியது, காற்று வரவில்லை. வந்த கொஞ்சநஞ்சத்தில் ஈரச்சாக்கு வாடை. எனக்கே இரண்டு தும்மல் வந்தது.

ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஏழாவது வரி, எஞ்சின் காற்று ஃபில்டர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுதல். பத்தொன்பது வருஷமும் டிக். ஹீட்டர் ஃபில்டர் என்று ஒரு வரி இல்லவே இல்லை. டாஷ்போர்டிலிருந்த கையேட்டைப் புரட்டினேன். ஆதியோடந்தம் தேடினாலும் ஹீட்டர் என்ற வார்த்தையே இல்லை. அட்டையைப் பார்த்ததும் விஷயம் விளங்கியது. அதே கார்தான், ஆனால் ஹீட்டர் வைக்காமல் மலிவாக விற்ற மாடலின் கையேடு. முதல் சொந்தக்காரனோ கடைக்காரனோ எதையோ எடுத்துப் போட்டிருக்கிறான். அத்தான் அதை வேதமாக நம்பிப் பட்டியல் எழுதிவிட்டார். ஊர் லிஃப்டிலெல்லாம் குற்றம் கண்டுபிடிக்கிற மனுஷன், தன் காலடியில் கொதித்துக்கொண்டிருந்த ஹீட்டரைப் பார்க்காமல் கையேட்டைப் பார்த்திருக்கிறார்.

பானெட்டைத் தூக்கினேன். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் உட்கார்ந்திருக்கிற கறுப்புப் பலகையைக் கழற்றினால் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டு ஃபில்டர் இருக்கும். மடிப்பு மடிப்பாகப் பள்ளிக்கூட நோட்டு அளவுக்கு ஒரு காகித அட்டை, அவ்வளவுதான். வெளிக்காற்று அதில் வடிந்துதான் உள்ளே வரும். வலது பக்கத்தது ஒரு கிளிப்பைத் தள்ளியதும் வந்துவிட்டது. இடது பக்கத்தது பிரேக் ஆயில் டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. அதை எடுப்பதற்குள் முழங்கையில் தோல் போயிற்று.

எடுத்ததை ஃபில்டர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மக்கிப்போன இலை, கரி, இறகு, ஒரு குளவிக்கூடு. அத்தனைக்கும் அடியில் ஏதோ ஒரு எலி சீட்டுப் பஞ்சைப் பிய்த்து வந்து குடித்தனம் நடத்திவிட்டுக் காலி செய்திருந்தது. ஒரு மூலையில் ஒரு விதை முளைவிட்டிருந்தது. எஞ்சினுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை புது ஃபில்டர், சுத்தமான காற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டிக்கு மட்டும் பத்தொன்பது வருஷமாக இது.

அத்தானைப் போட்டு வறுத்தெடுக்கலாம் என்று ஃபோனைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு யோசித்தேன். அந்த பானெட்டை நானே நாலு முறை திறந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தலைமாட்டிலேயே நிற்பார். உன் பட்டியலும் நீயும் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அதில் இருந்ததை மட்டும் செய்துவிட்டு அனுப்பியிருக்கிறேன். ஹீட்டர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும் என்று கற்றுக்குட்டிக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வீம்புக்குப் பார்க்கவில்லை. அதனால் ஃபோனைக் கீழே வைத்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆச்சரியப்படுத்திப் பார்க்க ஆசை. சத்தமில்லாமல் ஃபில்டரை மாற்றிவிடுவது, அக்கா ஞாயிற்றுக்கிழமை ஏறி ஒரு தும்மல்கூடப் போடாமல் இறங்குவது, அத்தான் வாயைப் பிளப்பது, அப்போது நான் என் வேனிலிருந்து பழசை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டுவது. நினைக்க நினைக்கத் தித்தித்தது.

அந்த மாடலுக்கு ஃபில்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. மூன்றாவது கடையில் அட்டைப்பெட்டி மஞ்சளாகிப்போன ஒரே ஒரு ஜோடி இருந்தது. ஃபில்டர் இருந்த குழியில் கிடந்த குப்பையை உறிஞ்சி எடுத்து, அடைத்திருந்த தண்ணீர் வடியும் ஓட்டையைக் குத்திவிட்டு, காற்று போகும் திசைக்குப் போட்டிருந்த அம்புக்குறியைப் பார்த்து இரண்டையும் உட்கார வைத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அரைமணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வாடை இல்லை, தும்மல் இல்லை, முகத்தில் நல்ல வெதுவெதுப்பான காற்று. பழைய ஃபில்டரை ஒரு பையில் போட்டு என் வேனில் பத்திரப்படுத்தினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது அத்தானிடம் ஒரு பந்தயம் போட்டேன். விற்பதற்கு முன்னால் கடைசியாக ஒருமுறை அக்காவோடு ஏரிக்குப் போய் வாருங்கள், அவள் தும்மாவிட்டால் விற்கக் கூடாது என்றேன்.

"தும்முவா," என்றார்.

"தும்மலைன்னா?"

காரைப் பார்த்தார். "பல் டாக்டர்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்," என்றார். குரல் லேசாக உடைந்தது. அந்த உடைசலைக் கேட்ட பிறகு, இந்தக் கார் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு அவர்கள் வீட்டு வாசலில் வேனை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். அவர்கள் கிளம்பிப் போனார்கள். அக்கா எனக்குக் கையசைத்துவிட்டுப் போனாள், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் கேட்டுக்கு உள்ளே நடந்தேன், வெளியே நடந்தேன். பையை எந்தக் கையில் பிடித்தால் எடுப்பாக இருக்கும் என்றுகூடப் பார்த்து வைத்தேன். ஒன்பதே முக்காலுக்கு கார் திரும்பி வந்தது. அக்கா இறங்கி, துணி தேய்க்க வேண்டும் என்று சொல்லி நேரே உள்ளே போய்விட்டாள்.

அத்தான் சட்டைப்பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்து எனக்குக் காட்டினார். சின்னச் சின்னக் கோடுகள்.

"ஒம்பது," என்றார். "எல்லாம் பாலம் தாண்டித்தான்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். என் மூக்கு உடைந்தது போகட்டும், தொழிலே சந்தேகமாகிவிட்டது. அம்புக்குறியைத் திருப்பி வைத்துவிட்டேனா? ஓரத்தில் இடைவெளி விட்டுவிட்டேனா? அத்தான் காப்பி குடிக்க உள்ளே போனதும் பையை வேனில் போட்டுவிட்டு, பானெட்டைத் திறந்து, பலகையைக் கழற்றி, இரண்டையும் வெளியே எடுத்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தன. அம்பு சரி, கிளிப் சரி, ஓரம் சரி. சமையலறை ஜன்னலில் இருந்து அத்தான் நான் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மறுபடி மாட்டிவிட்டு அக்காவைத் தேடிப் போனேன்.

அக்கா பின்னறையில் அவர் சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களோடு, ஆமாங்க, சொல்லுங்க, ஒரு நிமிஷம் இருங்க என்று பேசிக்கொண்டே இருப்பாள். நான் கதவைச் சாத்தினேன். சுற்றி வளைக்காமல் ஃபில்டர் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். காரில் இப்போது ஒரு பொட்டுத் தூசி கிடையாது, பின்னே எப்படி ஒன்பது தும்மல் என்று கேட்டேன்.

அக்கா சட்டைக் காலரை இரண்டு முறை தேய்த்தாள். காது சிவந்துவிட்டது.

"அதான் இன்னைக்கு வாடையே இல்லையா," என்றாள்.

"வாடை இல்ல. தும்மல் எங்கேருந்து வந்துச்சு?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். முதல் ஏழெட்டு வருஷம் நிஜத் தும்மல்தானாம். அப்புறம் மூக்கு பழகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தும்மலே வரவில்லை. பாலம் வந்தது, ஏரி வந்தது, வீடு வந்தது. போக வர நாற்பது நிமிஷமும் அவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்திருக்கிறது, தும்மினால்தான் அவர் வண்டியை நிறுத்துகிறார் என்று.

"அடுத்த வாரம் பாலம் தாண்டினதும் சும்மா ஒண்ணு தும்மிப் பார்த்தேன்டி. ஓரமா நிறுத்தினாரு. தண்ணி பாட்டிலைத் திறந்து குடுத்தாரு. என் மூஞ்சியைப் பார்த்து, 'என்னம்மா, முடியலையா'ன்னாரு. அந்த 'என்னம்மா'வுக்காகத்தான்டி."

"முதுகுல முப்பது குத்து குத்தினாங்களே, அதையுமா அதுக்காக வாங்கிக்கிட்ட?"

"அவரு பக்கத்துல உக்காந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு எண்ணினாரு," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. ஐம்பது வயசுப் பொம்பளை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, அவள் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைக்கலாமா என்றும் இருந்தது. வைக்கவில்லை. அதைவிடப் பெரிய குட்டு ஒன்று என்னிடம் இருந்தது.

"அவரு காரை விக்கறாருக்கா. பதினோரு மணிக்கு ஆள் வருது. உன் தும்மலுக்காக."

நிமிர்த்தி வைத்த பெட்டியை அக்கா மறுபடி கையில் எடுத்தாள். அதைச் சட்டை மேலேயே வைத்துவிட்டாள் என்பது புகை வந்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது. சட்டையின் முதுகில் முக்கோணமாகக் கருகிவிட்டது. அதை எடுத்துக்கூடப் பார்க்காமல், எனக்காகவா, எனக்காகவா என்று இரண்டு முறை கேட்டாள். அப்புறம் அந்தச் சட்டையிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தானிடம் போய் உண்மையைச் சொல்லிவிடு என்றேன். பத்து வருஷமாக ஏமாற்றினேன் என்று எந்த வாயால் சொல்வது என்றாள். நியாயம்தான். தன் பட்டியலில் ஒரு டிக் பொய்யென்று தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அக்காவின் தும்மல் அத்தனையும் பொய்யென்று தெரிந்தால் அந்த மனுஷன் என்ன ஆவார்?

வாசல் மணி அடித்தது.

பல் டாக்டர் புதுச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, பெண் பார்க்க வந்தவர் மாதிரி வந்திருந்தார். அத்தான் அவரிடம் ஃபைலைக் கொடுத்து வரி வரியாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டும் முடிந்ததும், ஒரு குறை உண்டு, சொல்லிவிட வேண்டும், இந்தக் காரில் என் மனைவிக்குத் தும்மல் வரும் என்றார். குரலில் ஒன்றுமில்லை, சாவியைப் பிடித்திருந்த விரல்கள்தான் அதை விடுவதாக இல்லை. எனக்கெல்லாம் ஒன்றும் வராது என்று டாக்டர் சிரித்துக்கொண்டே ஓட்டுநர் இருக்கையில் இறங்கி உட்கார்ந்தார்.

அக்கா வேகமாக வந்தாள். மறுபக்கக் கதவைத் திறந்து டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றினாள்.

"ஹீட்டரை முழுசா வைங்க," என்று டாக்டரிடம் சொன்னது வெளியே கேட்டது.

அத்தான் நோட்டை எடுத்துக்கொண்டு கண்ணாடியோரம் குனிந்து நின்றார். ஒரு நிமிஷம் ஆயிற்று, ஐந்து நிமிஷம் ஆயிற்று. உள்ளே அக்கா சிலை மாதிரி காற்றுக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். பாவம் அந்த டாக்டர், முன்பின் பழகாத பெண்மணியோடு ஒரு சின்னப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். ஏதாவது பேச வேண்டுமே என்று, பல்லெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அக்கா வாயைத் திறந்து காட்டினாள். அவரும் எட்டிப் பார்த்தார். பத்து நிமிஷம். ஒரு கோடுகூட விழவில்லை.

அத்தான் நிமிர்ந்தார். நோட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காலைல ஒம்பது. இப்ப ஒண்ணும் இல்ல," என்றார். "எப்படி?"

அக்கா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேனுக்குப் போய்ப் பையை எடுத்து வந்தேன். நாலு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த நாடகம் அது, வசனம் மட்டும் அடியோடு மாறிப்போயிற்று. பழைய ஃபில்டர் இரண்டையும் பானெட் மேல் ஒரு துணி விரித்து வைத்தேன். காலையில் நீங்கள் போனது இதோடுதான், திரும்பி வந்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்து திறந்து பார்த்தேன், நீங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மாற்றினேன் என்று அளந்தேன். கையேடு தப்பான மாடலுடையது என்பதையும் எடுத்துக் காட்டினேன். அந்த ஒன்று மட்டும் நிஜம்.

அத்தான் கையேட்டின் அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் ஃபில்டரைக் கையில் எடுத்தார். குளவிக்கூட்டைத் தொட்டார். இலையை விரலால் நசுக்கினார், அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. முளைவிட்டிருந்த விதை சுருங்கிக் காய்ந்து போயிருந்தது.

"நல்லா காஞ்சிருக்கு," என்றார்.

ஈரக்குழியில் கிடந்தது ஒரு மணி நேரத்தில் அப்படிக் காயாது. நாலு நாள் வேன் வெயிலில் கிடந்தால் காயும். என் முகத்தை ஒரு தரம் பார்த்தார், லிஃப்ட் கம்பியைப் பார்க்கிற மாதிரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

காரின் மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து அக்காவிடம், "பத்தொம்பது வருஷம் உன்னைக் குப்பையை சுவாசிக்க வச்சுட்டேன்மா," என்றார். எல்லார் எதிரிலும் கண் கலங்கிவிட்டது. அக்கா, விடுங்க, விடுங்க என்றாள். அவள் அழுதது குற்ற உணர்ச்சியில் என்று எனக்குத் தெரியும். அவர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். பல் டாக்டர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தும்மலுக்காகக் காரை விற்கிறவரையும் இப்போதுதான் பார்க்கிறேன், தும்மல் நின்றதற்காக விற்காமல் விடுகிறவரையும் இப்போதுதான் பார்க்கிறேன் என்று முனகிக்கொண்டே போனார். போகும்போது அக்காவிடம், கீழ்வரிசையில் ஒரு சொத்தை இருக்கிறது, வந்து காட்டுங்கள் என்றார். வந்ததற்கு ஏதாவது பலன் வேண்டுமில்லையா?

கார் பிழைத்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போதுதான் எனக்கு உறைத்தது, அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று. காரைக் காப்பாற்றப் போய் அவளுடைய தும்மலைப் பிடுங்கிக்கொண்டுவிட்டேன். இனிமேல் ஒரே ஒரு தும்மல் போட்டாலும் கார் போய்விடும். தும்மாவிட்டால் அவர் நிறுத்த மாட்டார். பாலம், ஏரி, வீடு. எஞ்சின் சத்தம். நாற்பது நிமிஷம். நான் நல்லது செய்கிற லட்சணம் எப்போதும் இப்படித்தான்.

அக்காவிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அவளும் ஃபோனில் காரைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போயிற்று என்றால், போயிற்று என்பாள். அதற்கு மேல் தோண்டினால் கோபம் வரும், அந்த விஷயத்தில் அவள் எனக்கு அக்கா.

ஆறு மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, அத்தான் காரைச் சர்வீசுக்குக் கொண்டுவந்தார். வழக்கம்போலச் சாவி, ஃபைல். ஆனால் இந்தத் தடவை தலைமாட்டில் நிற்கவில்லை, நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார். நான் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபைலைப் புரட்டினேன்.

நாற்பத்து மூன்றாவது வரி புது மையில் இருந்தது. ஹீட்டர் ஃபில்டர், இடம், வலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதை எதிர்பார்த்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

நாற்பத்து நான்கு. பாலம் தாண்டி ஓரமாக நிறுத்துதல், வாரம் ஒருமுறை.

இருபத்தாறு வாரத்துக்கு இருபத்தாறு டிக். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. குறிப்பு எழுதுகிற கட்டத்தில் அதே உருண்டைக் கையெழுத்து. முதல் வாரம், நிறுத்தப்பட்டது, தண்ணீர் கொடுக்கப்பட்டது, தேவைப்படவில்லை. இரண்டாம் வாரம், நிறுத்தப்பட்டது. மூன்றாம் வாரம், மழை, இருந்தும் நிறுத்தப்பட்டது. இப்படியே இரண்டு மாதம், லிஃப்டுக்கு எழுதுகிற மாதிரி. ஒன்பதாம் வாரம், பேசினாள். பத்தாம் வாரம், பேசினாள். பதினைந்தாம் வாரம், நெடுநேரம் பேசினாள், நன்று.

அந்தக் காய்ந்த இலையை நசுக்கியபோதே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தும்மல் எல்லாம் பாலம் தாண்டித்தான் என்று கோடு போட்டு எண்ணிய மனுஷனுக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. எங்கள் மூன்று பேரில் திருட்டு வெளியில் தெரியாமல் செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நான்தான் ரொம்பச் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரி போன ஞாயிற்றுக்கிழமையுடையது. அதில் ஒரே ஒரு வார்த்தை.

பேசினேன்.

ஃபைலை மூடிவிட்டு அந்தக் காரின் இருக்கையில் இறங்கி உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். வாசலில் யாரோ வந்து, மெக்கானிக் இல்லையா என்று கேட்டார்கள். தூசி, அதான் கண்ணெல்லாம் கலங்குகிறது என்று சொல்லலாம் என்றால், அந்தக் காரில் தூசியும் இல்லை.